விறகடுப்பின் வார்ப்பிரும்பில் விரிசல்: பழுது பார்க்கும் நெறி

இமயமலைச் சரிவுகளில் குளிர்காலம் தொடங்கியதும் வீட்டின் மையம் அடுப்பு என்றாகிவிடுகிறது. காஷ்மீரத்திலும் லடாக்கிலும் புகாரி என்றும், இமாச்சலப் பிரதேசத்தில் தந்தூர் என்றும் வழங்கும் இரும்பு அடுப்புகள் அறையை வெப்பமாக்குகின்றன; சமையலுக்கும் வெந்நீருக்கும் அவையே பயன்படுகின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில், உறைநிலைக்கு 20 டிகிரி கீழே வெப்பம் இறங்கும் இரவுகளும் உண்டு. அத்தகைய இரவில் அடுப்பு பழுதாவது சிறு இடையூறு அன்று.

இவ்வடுப்புகளில் பெரும்பாலானவை எஃகுத் தகட்டால் ஆனவை. எனினும் நெருப்பைத் தாங்கும் கிராதி, பாத்திரம் வைக்கும் மேல்தட்டு, கதவு, கதவுச் சட்டம் முதலிய உறுப்புகள் பலவற்றில் வார்ப்பிரும்பாக இருக்கும். மலை நகரங்களின் பழைய இல்லங்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் முழுவதும் வார்ப்பிரும்பால் ஆன அடுப்புகளைக் காணலாம். சமவெளியிலும், மாணவர் விடுதிகள், பெரிய சமையற்கூடங்கள் ஆகியவற்றின் விறகடுப்புகளில் கிராதி பெரும்பாலும் வார்ப்பிரும்பே. இவ்வுறுப்புகளில் ஒரு நாள் விரிசல் தோன்றுகிறது. அதன் பின் மூன்றில் ஒன்று நிகழ்கிறது: விரிசலைப் பொருட்படுத்தாமல் எரிப்பார்கள், அருகிலுள்ள பட்டறையில் சாதாரண வெல்டிங் குச்சியால் பற்றவைப்பார்கள், அல்லது அடுப்பையே பழைய இரும்புக்கு விற்றுவிடுவார்கள். இம்மூன்றும் பல வேளைகளில் தவறான முடிவுகளே. விரிசல் எந்த உறுப்பில், எதனால் உண்டானது என்று அறிந்த பின்னரே, அதை மாற்றுவதா, ஒட்டுவதா, விட்டுவைப்பதா என்று தீர்மானிக்க முடியும். அந்த நெறியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வார்ப்பிரும்பின் இயல்பு

வார்ப்பிரும்பு என்பது இரும்புடன் ஏறக்குறைய 2.5 முதல் 4 சதவீதம் வரை கரியும், 1 முதல் 3 சதவீதம் வரை சிலிக்கனும் கலந்த உலோகம். எஃகைவிடக் குறைந்த வெப்பத்தில், அதாவது சுமார் 1,150 முதல் 1,200 டிகிரி செல்சியஸில், உருகுவதால் மணல் அச்சில் எளிதாக வார்க்கலாம். அடுப்புகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பு. இதில் உள்ள கரியின் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக உலோகத்தின் உள்ளே பரவிக் கிடக்கிறது. உடைந்த முகம் சாம்பல் நிறமாகத் தெரிவதும் இதனால்தான்.

இந்தச் செதில்களே வார்ப்பிரும்பின் நிறைவுக்கும் குறைவுக்கும் காரணம். அவை வெப்பத்தை எளிதில் கடத்துகின்றன. வார்ப்பதையும் கடைவதையும் எளிதாக்குகின்றன. அதே வேளையில், ஒவ்வொரு செதிலும் உலோகத்தினுள் ஒரு நுண்ணிய பிளவு போன்றது. ஆகவே அமுக்கும் விசையை நன்கு தாங்கும் வார்ப்பிரும்பு, இழுக்கும் விசைக்கு எளிதில் இடங்கொடுத்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 210 வகுத்துள்ள எஃப்.ஜி. 150 என்னும் தரத்தின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 150 நியூட்டன். அமுக்கத்தைத் தாங்கும் வலிமை இதைப்போல் மூன்று நான்கு மடங்காகும். எஃகு முறியுமுன் நீளும், வளையும். சாம்பல் வார்ப்பிரும்போ ஒரு சதவீதம்கூட நீளாமல் திடீரென்று முறியும்.

விரிசலின் காரணங்கள்

முதற் காரணம் சமமற்ற வெப்பம். 50 செ.மீ. நீளமுள்ள மேல்தட்டின் வெப்பம் 400 டிகிரி உயர்ந்தால் அதன் நீளம் ஏறக்குறைய 2.2 மி.மீ. கூடும். தட்டு முழுவதும் ஒரே சீராகச் சூடேறி, விரிவதற்கு இடமும் இருந்தால் தீங்கில்லை. நடுப்பகுதி பழுக்கச் சூடேறி விளிம்பு குளிர்ந்திருந்தால், விரிய முயலும் நடுப்பகுதியை விளிம்பு தடுக்கிறது. அப்போது விளிம்பில் இழுவிசை தோன்றுகிறது. இரு பகுதிகளுக்கும் இடையே 150 டிகிரி வேறுபாடு இருந்து, விரிவு முற்றிலும் தடைப்பட்டால், உண்டாகும் விசை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 165 நியூட்டன் என்று கணக்கிடலாம். மேற்கூறிய தரத்தின் வலிமை 150 மட்டுமே என்பதை நினைவிற் கொண்டால், குளிர்ந்த அடுப்பில் உலர்ந்த சுள்ளிகளை நிறைத்து ஒரேயடியாகக் கொழுந்து விட்டெரியச் செய்வது எத்தகைய ஆபத்து என்பது விளங்கும். பழுத்த தட்டின்மீது பால் பொங்கி வழிவதும், அணைப்பதற்காகத் தண்ணீர் ஊற்றுவதும் இதே தீங்கை எதிர்த்திசையில் செய்கின்றன.

இரண்டாவது காரணம் விரிவதற்கு இடமின்மை. உறுப்புகளை இறுக்கமாகப் பொருத்துவதும், போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்குவதும் இதில் அடங்கும். கட்டுமானத்தில் பதித்த அடுப்புகளில் கிராதியின் நான்கு முனைகளையும் சிமெண்டு கொண்டு பூசிவிடுவது நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் தவறு. கிராதி விரிய முடியாமல் வளைந்து, பிறகு முறிகிறது.

மூன்றாவது காரணம் காலப்போக்கில் நிகழும் 'வளர்ச்சி'. சாம்பல் வார்ப்பிரும்பை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் திரும்பத் திரும்பச் சூடாக்கினால், அதிலுள்ள இரும்புக் கார்பைடு சிதைந்து இரும்பும் கிராஃபைட்டுமாகப் பிரிகிறது. கிராஃபைட்டுக்கு அதிக இடம் வேண்டும். ஆகவே உறுப்பு மெல்ல மெல்லப் பருக்கிறது. நுண்பிளவுகளின் வழியே காற்று புகுந்து உள்ளிருந்தே துருவேறச் செய்கிறது. இவ்வாறு 'எரிந்துபோன' இரும்பு உதிரும் தன்மை பெறுகிறது. கிராதியின் அடியில் சாம்பல் நிறைந்துவிட்டால் இது விரைவுபடும். கீழிருந்து வரும் குளிர்ந்த காற்றே கிராதியைக் காத்து நிற்பது. சாம்பல் அதைத் தடுத்துவிடுகிறது.

விரிசல் எங்கே இருக்கிறது?

விரிசலின் நீளத்தைவிட அது அமைந்துள்ள இடமே முக்கியமானது. உறுப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

நெருப்பினுள்ளேயே இருக்கும் கிராதி, உட்சுவர்த் தகடு ஆகியவை முதல் வகை. இவை தேய்வதற்கென்றே அமைந்தவை. இவற்றில் விரிசல் கண்டால் புகை வெளியே வராது. ஆனால் முறிந்த கிராதி தணலைச் சாம்பற் குழியில் கொட்டும். அடுப்பின் அடித்தளம் அளவு மீறிச் சூடேறும். இவற்றை ஒட்டுவது வீண்செலவு, மாற்றுவதே முறை.

மேல்தட்டு, அதன் வளையங்கள், மூடிகள் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றில் மயிரிழை போன்ற விரிசல் பல ஆண்டுகள் வளராமலே இருப்பதுண்டு. தட்டு தொய்யாமலும் விரிசல் அகலாமலும் இருந்தால் அடைப்புக் கலவையே போதும்.

நெருப்பறையின் வெளிச்சுவர், கதவுச் சட்டம், புகைபோக்கி பொருந்தும் கழுத்து ஆகியவை மூன்றாம் வகை. அடுப்புக்கும் அறைக்கும் இடையே உள்ள எல்லை இவையே. இங்குள்ள விரிசலைச் சிறிதென்று எண்ணி விட்டுவைத்தல் ஆகாது.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். புகைபோக்கியினுள் சூடான வாயு இலேசாகி மேலெழுவதால் அடுப்பினுள் அழுத்தம் அறையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். எனவே அடுப்பு நன்கு எரியும்போது விரிசலின் வழியே புகை வெளியே வருவதில்லை; அறைக்காற்றுதான் உள்ளே இழுக்கப்படுகிறது. காற்றுத் துளையை மூடினாலும் நெருப்பு தணியாது. விறகு விரைவில் தீரும். அடுப்பு தேவைக்கு மேல் சூடேறும். அந்தச் சூடே விரிசலை மேலும் வளர்க்கும். ஆக, விரிசல் முதலில் விறகைத் தின்கிறது. பின்னிரவில் தணல் குறையும்போதோ, புகைபோக்கியில் கரி அடையும்போதோ, வெப்பத்தைத் தேக்கப் புகைத்தடுப்புத் தகட்டை மூடும்போதோ, இழுப்பு நின்றுவிடுகிறது. அப்போது அதே விரிசல் கார்பன் மோனாக்சைடு வாயுவை அறையினுள் விடுகிறது. இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிணைவது அதன் இயல்பு. கதவும் சன்னலும் இறுக மூடிய அறையில் உறங்குவோர் விழிக்காமலே இறந்துபோகும் செய்திகள் மலைப்பகுதிகளிலிருந்து குளிர்காலந்தோறும் வருகின்றன. பகலில் புகை வராத அடுப்பு இரவிலும் தீங்கற்றதாக இருக்கும் என்று கொள்ளலாகாது.

விரிசலைக் கண்டறிதல்

ஆய்வுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. குளிர்ந்த அடுப்பைக் கம்பித் தூரிகையால் துடைத்து, கரியும் துருவும் நீக்க வேண்டும். கழற்றக்கூடிய உறுப்பைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினால், நல்ல உறுப்பு ஒலிக்கும். விரிசலுள்ளது அடைத்த ஓசை தரும். ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, சிறிது நேரம் கழித்து நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால், விரிசலில் தங்கிய எண்ணெய் கசிந்து வெண்மையின்மேல் கோடாகத் தெரியும். விரிசலின் இரு முனைகளையும் சரியாக அறிய இம்முறை உதவுகிறது. இதன் பின் நெருப்பு மூட்டுமுன் எண்ணெயை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். கழற்ற இயலாத அடுப்பில், இருட்டறையில் உள்ளே மின்விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் ஊடுருவிய விரிசல்களும் இணைப்பு இடைவெளிகளும் ஒளிக்கோடுகளாகத் தோன்றும்.

உறுப்பு வார்ப்பிரும்புதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். சாணைக்கல்லில் தொட்டால் எஃகு நீண்ட ஒளிமிக்க பொறிகளைச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறிகள் குறுகியவை, மங்கிய சிவப்பானவை. அரத்தால் அராவிய தூள் விரலில் கரியாக ஒட்டினால் அது சாம்பல் வார்ப்பிரும்பு. இந்த வேறுபாட்டை அறியாமையே பல பழுதுபார்ப்புகள் தோல்வியுறக் காரணம்.

அடைத்தலும் தைத்தலும்

எளிய முறை அடைப்பு. சோடியம் சிலிகேட்டுடன் தீக்களிமண் போன்ற வெப்பந்தாங்கும் தூள்கள் கலந்த உலைச் சிமெண்டு இதற்கு ஏற்றது. விரிசலை வெட்டுளியால் சற்று அகலப்படுத்தி, தூசி நீக்கி, ஈரமாக்கி, கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். ஒரு நாள் உலரவிட்டு, பின் சிறு தீயில் மெல்ல இறுகச் செய்தல் வேண்டும். இது வாயுவை அடைக்குமே தவிர வலிமை தராது. சில குளிர்காலங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் பயன்படும் எப்பாக்சிப் பசைகள் அடுப்பின் வெப்பத்தில் கருகிவிடுவதால் இங்குச் சிறிதும் உதவா. கதவு இடுக்குகளை அடைக்க முன்னாளில் கல்நார்க் கயிறு பயன்பட்டது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைவிப்பது உறுதியாகியுள்ளதால், கண்ணாடி இழைக் கயிற்றையே பயன்படுத்த வேண்டும். பழைய கல்நார்க் கயிற்றை உலர்ந்த நிலையில் சுரண்டி எடுத்தலும் கூடாது.

விரிசல் அகன்று, உறுப்பு ஆட்டம் காணும்போது எஃகுத் தகடு வைத்து போல்ட்டினால் பிணைக்கலாம். முதலில் விரிசலின் இரு முனைகளிலும் சுமார் 3 மி.மீ. துளையிட வேண்டும். கூர்மையான முனையில் குவியும் விசையை வட்டத் துளை பரவச் செய்வதால் விரிசல் மேலும் ஓடாது. பின்னர் 3 அல்லது 4 மி.மீ. தடிப்புள்ள தகட்டை உலைச் சிமெண்டு தடவிப் பொருத்தலாம். எஃகும் வார்ப்பிரும்பும் ஒரே அளவில் விரிவதில்லை. அவை அடையும் வெப்பமும் வேறுபடும். எனவே தகட்டின் ஒரு பக்கத் துளைகளை நீள்துளைகளாக அமைக்க வேண்டும்.

உலோகத் தையல் என்னும் முறையும் உண்டு. விரிசலுக்குக் குறுக்கே துளை வரிசையிட்டுப் பூட்டுத் துண்டுகளை அடித்திறக்கி, விரிசல் நெடுகிலும் மரையாணிகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு முறுக்கி நிரப்புவர். வெப்பம் சிறிதும் பயன்படாததால் புதிய விசைகள் தோன்றுவதில்லை. ஆனால் இது தடித்த உறுப்புகளுக்கே ஏற்றது. மெல்லிய அடுப்புத் தகடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பற்றவைத்தல்

எஃகுக்குப் பயன்படும் சாதாரணக் குச்சியால் வார்ப்பிரும்பைப் பற்றவைத்தால், வேலை முடிந்ததும் நன்றாகவே தோன்றும். ஆறும்போது 'டிக்' என்ற ஓசையுடன் பற்றவைப்பை ஒட்டியே புதிய விரிசல் ஓடும். உருகிய எஃகு அருகிலுள்ள கரியை உறிஞ்சிக் கடினமாகிறது. அதை அடுத்த வார்ப்பிரும்பும் விரைவாகக் குளிர்வதால் கிராஃபைட் பிரிய நேரமின்றி, கண்ணாடிபோல் நொறுங்கும் வெள்ளை வார்ப்பிரும்பாக மாறுகிறது. குளிர்ந்து சுருங்கும் பற்றவைப்பின் இழுவிசையை அந்தக் கடினப் பட்டை தாங்குவதில்லை. பழுது பார்த்த பின் விரிசல் ஒன்று இரண்டாவதன் காரணம் இதுவே.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நிக்கல் குச்சியைக் கொண்டு மின்வில் வெல்டிங் செய்தல். ஏறக்குறைய தூய நிக்கலால் ஆன குச்சியும், 55 சதவீதம் நிக்கல் கொண்ட நிக்கல்–இரும்புக் குச்சியும் வழக்கில் உள்ளன. நிக்கல் கரியால் கடினமாவதில்லை. ஓரளவு நீண்டு கொடுக்கும். விரிசலை 'வி' வடிவில் அகழ்ந்து, ஒரு முறைக்கு 25 மி.மீ. நீளம் மட்டும் பற்றவைத்து, சூடு ஆறுமுன் உருண்டை முனைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறிய பின்னரே அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும். ஒரே தொடராகச் செய்யாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால் வெப்பம் ஓரிடத்தில் குவியாது. குச்சியின் விலை அதிகம். அதைவிட அதிகமாகத் தேவைப்படுவது பொறுமை.

இரண்டாவது, முன்சூடேற்றி வாயு வெல்டிங் செய்தல். உறுப்பு முழுவதையும் 500 முதல் 650 டிகிரி வரை சீராகச் சூடேற்றி, சிலிக்கன் மிகுந்த வார்ப்பிரும்புக் குச்சியையே உருக்கி நிரப்புவர். பின்னர் உலர்ந்த சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து ஓர் இரவு முழுதும் ஆறவிட வேண்டும். நிரப்பிய உலோகமும் உறுப்பும் ஒரே இயல்பின ஆதலால், நெருப்பறைச் சுவருக்கு மிகப் பொருத்தமான முறை இது. செங்கல் அடுக்கி மரக்கரி நிரப்பிய உலையைக் கிராமக் கொல்லரும் அமைக்கலாம். ஆயின் சீரான சூடும் மெதுவான ஆறுதலும் இன்றேல், இருந்த விரிசலுடன் வேறு விரிசல்களும் சேரும்.

மூன்றாவது, பட்டறைகளில் பிரேசிங் எனப்படும் பித்தளைப் பற்றவைப்பு. வார்ப்பிரும்பு உருகாமல், சுமார் 900 டிகிரியில் உருகும் பித்தளைக் கம்பி மட்டும் வெண்காரம் கலந்த இளக்கியின் துணையால் பரவி ஒட்டுகிறது. சாணைக்கல் கிராஃபைட்டை முகத்தில் தேய்த்துப் பரப்பிவிடுவதால், இறுதியாக அரத்தால் அராவிச் சுத்தம் செய்தல் நலம். கதவு, கைப்பிடி, கீல், கால் முதலிய உறுப்புகளுக்கு இது சிறந்த முறை. ஆனால் சுமார் 250 டிகிரிக்கு மேல் பித்தளை இணைப்பின் வலிமை விரைந்து குறைவதால், நெருப்பை ஒட்டிய உறுப்புகளுக்கு ஏற்றதன்று. பித்தளையிலுள்ள துத்தநாகத்தின் புகையைச் சுவாசித்தல் காய்ச்சல் உண்டாக்கும்; திறந்த வெளியில் இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

மேற்கூறிய 'எரிந்துபோன' இரும்பு இம்மூன்று முறைகளுக்குமே ஒத்துவராது. பற்றவைக்கும் உலோகம் ஒட்டாமல் மணிமணியாக உருண்டு விழுந்தால், உறுப்பின் ஆயுள் முடிந்தது என்று அறிதல் வேண்டும்.

புதிய உறுப்பை வார்த்தல்

உறுப்பை மாற்ற வேண்டியிருந்து, உற்பத்தி செய்த நிறுவனத்திடம் உதிரி கிடைக்காத நிலையில், அருகிலுள்ள வார்ப்படச்சாலையை நாடலாம். உலகில் வார்ப்பட உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த நிலையில் இருப்பது நம் நாடு. ஹௌரா, ஆக்ரா, படாலா, ராஜ்கோட், கோலாப்பூர், கோயம்புத்தூர் முதலிய இடங்களில் சிறிய வார்ப்படச்சாலைகள் திரளாக உள்ளன. வடக்கு மலைப்பகுதிகளுக்குப் பஞ்சாபின் படாலா ஓரளவு அண்மையில் உள்ளது.

முறிந்த பழைய உறுப்பையே மாதிரியாகக் கொண்டு மணலில் அச்செடுப்பது எளிய வழி. ஆனால் உருகிய சாம்பல் வார்ப்பிரும்பு இறுகிக் குளிரும்போது நீளத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்குகிறது. 50 செ.மீ. தட்டை அப்படியே மாதிரியாக வைத்தால் புதிய தட்டு 5 மி.மீ. குறையும். கிராதிக்கு இது நன்மையே. விரிவதற்கு இடம் கிடைக்கும். கதவுக்கோ மேல்தட்டுக்கோ இது இடைவெளியை உண்டாக்கும். அப்போது விளிம்பைச் சேர்த்துப் பெரிதாக்கிய மர மாதிரி தேவைப்படும். ஒரு மாதிரியைக் கொண்டு நூறு உறுப்புகள் வார்க்கலாம் ஆதலால், ஒருவர் தனித்துச் செய்வதைவிட ஊரார் சேர்ந்து செய்தால் செலவு வெகுவாகக் குறையும்.

வருமுன் காத்தல்

புதிய உறுப்பையும் பழுது பார்த்த உறுப்பையும் முதல் சில முறை சிறு தீயில் மட்டுமே சூடேற்ற வேண்டும். நாள்தோறும் சுள்ளித் தீயில் தொடங்கிப் படிப்படியாக விறகு கூட்டுதல், கிராதியின் அடியில் சாம்பல் சேராமல் அகற்றுதல், ஈர விறகைத் தவிர்த்தல், கட்டைகளை உள்ளே எறியாமல் வைத்தல், சூடான இரும்பின்மேல் தண்ணீர் படாமல் காத்தல் ஆகியவை பெருஞ்செலவில்லாக் காப்புகள். கிராதியின் ஒவ்வொரு பக்கத்திலும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துவது நன்று. ஆண்டுக்கொருமுறை, குளிர் தொடங்குமுன், புகைபோக்கியைத் துப்புரவு செய்து விளக்கொளி ஆய்வையும் நடத்தலாம். அறையில் காற்று புகச் சிறு திறப்பு எப்போதும் இருத்தல் இன்றியமையாதது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை விடுதிகளிலாவது பொருத்துதல் வேண்டும்.

திட்டங்கள் கற்பிக்கும் பாடம்

2016-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி தொடங்கிய பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தின் வாயிலாக 10 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் சமையல் எரிவாயு இணைப்புப் பெற்றுள்ளன. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தூய எரிபொருளைச் சமையலுக்குப் பயன்படுத்திய குடும்பங்கள் 58.6 சதவீதமே. குளிர்ப் பகுதிகளில் சமையல் எரிவாயுவுக்கு மாறிய வீடுகளிலும் அறையை வெப்பமாக்க விறகு தொடர்ந்து எரிகிறது. எனவே இரும்பு அடுப்பு இன்னும் பல்லாண்டுகள் நம்முடன் இருக்கும்.

அடுப்பைக் கொடுப்பது எளிது, அதை இயங்கும் நிலையில் வைத்திருப்பதே கடினம் என்பதை நம் நாடு ஏற்கனவே கற்றுள்ளது. 1983-84-இல் தொடங்கி, 2002-இல் மத்திய அரசின் அளவில் முடிவுற்ற மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தின் கீழ் ஏறக்குறைய 3.5 கோடி அடுப்புகள் அமைக்கப்பட்டன. அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. பராமரிப்பு ஏற்பாடு போதாமை இதற்கு ஒரு முக்கியக் காரணம் என மதிப்பீடுகள் சுட்டின. நிறுவிய அடுப்புகளின் எண்ணிக்கை இலக்காக இருந்தது. ஐந்தாம் ஆண்டில் எரியும் அடுப்புகளின் எண்ணிக்கை இலக்காக இல்லை.

இக்குறையை நீக்க, இருக்கும் அமைப்புகளே போதும். தொழிற் பயிற்சி நிலையங்களில் வெல்டர், வார்ப்படத் தொழிலாளர் ஆகிய இரு பிரிவுகளும் ஓராண்டுப் பயிற்சியாக நடைபெறுகின்றன. மலை மாவட்டங்களின் நிலையங்களில் வார்ப்பிரும்பு அடுப்பைப் பழுது பார்த்தலைச் செய்முறைப் பயிற்சியில் சேர்க்கலாம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டம் கொல்லர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குப் பயிற்சியும், 15,000 ரூபாய் வரை கருவி உதவியும் அளிக்கிறது. இத்தகைய பயிற்சியில் வார்ப்பிரும்பின் இயல்பு பற்றிய ஒரு நாள் பாடம் சேர்ந்தால், சாதாரணக் குச்சியால் விளையும் கேடு பெருமளவு குறையும். நுகர்வோர் நலத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது வேளாண் கருவி, கைபேசி, வீட்டுச் சாதனம், மோட்டார் வாகனம் ஆகியவற்றுக்கு முதலிடம் தந்தது. அடுப்பின் உதிரி உறுப்புகளுக்கும் அதே கொள்கை பொருந்தும்.

அரசு நிறுவனங்கள் விடுதிகளுக்கு அடுப்புகள் வாங்கும்போது மூன்று நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம்: கிராதி, கதவு, மேல்தட்டு ஆகியவற்றின் அளவுப் படங்களை உற்பத்தியாளர் வழங்குதல், ஒவ்வோர் அடுப்புடனும் ஒரு மாற்றுக் கிராதி தருதல், ஒரே மாவட்டத்தில் வாங்கும் அடுப்புகள் ஒரே அளவுக் கிராதி உடையனவாக இருத்தல். இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறிது. பனியால் சாலை மூடிக் கிடக்கும் மாதங்களில் ஒரு மாற்றுக் கிராதி கைவசம் இருப்பதன் மதிப்பை, அங்கு வாழ்வோரே நன்கு அறிவர்.

பழுது பார்த்தல் என்பது இருப்பதைக் கொண்டு காலந்தள்ளும் ஏழைகளின் வழி என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் சரியன்று. உலோகத்தின் இயல்பையும் வெப்பத்தின் போக்கையும் அறிந்து செய்யப்படும் பழுதுபார்ப்பு பயிற்சியால் அடையும் தொழில்நுட்பமே ஆகும். எந்த விரிசலை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்று சொல்லத் தெரிந்த ஒரு தொழிலாளர் ஒவ்வொரு மலை வட்டாரத்திலும் இருப்பாராயின், விறகும் மிஞ்சும், உயிரும் காப்பாற்றப்படும்.